ஒரே படிவம், இரண்டு வாசிப்பு: வரியும் கொடுப்பனவும் பற்றிய வாசகர் கேள்வி பதில்

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு, வரிப் படிவத்துக்குக் கடைசி நாளான ஏப்ரல் 30 வந்துவிடும் என்பதால், இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வருமான வரியைப் பற்றியே இருந்தன. பதிலுக்குப் போகுமுன் ஒன்றைச் சொல்ல வேண்டும். கனடா வருவாய் முகமை, நம்மவர் வாயில் சி.ஆர்.ஏ., வரி அறவிடும் அலுவலகம் மட்டும் அன்று. பிள்ளைகளுக்கான மாதக் கொடுப்பனவு, பொருள், சேவை வரிக்கு ஈடாக மூன்று மாதத்துக்கொரு முறை வரும் ஜி.எஸ்.ரி. காசு, வாடகை, மின்சாரம் போன்ற செலவுகளுக்கு உதவும் ஒன்ராறியோ மாகாணத்தின் ட்ரில்லியம் கொடுப்பனவு ஆகியவற்றைக் கணக்குப் பார்த்து வங்கிக்கு அனுப்புவதும் அதே அலுவலகம்தான். நீங்கள் கொடுக்கும் ஒரே படிவத்தை அது இரண்டு தடவை வாசிக்கிறது: உங்களிடம் எவ்வளவு வாங்குவது என்று ஒரு தடவை, உங்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்று இன்னொரு தடவை. கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வாசிப்பை மறந்ததால் வந்தவை.

நான் வேலைக்குப் போவதில்லை. வருமானம் எதுவும் இல்லாததால் 2024ஆம் ஆண்டுக்குக் கணவர் மட்டுமே படிவம் கொடுத்தார். ஜூலையிலிருந்து இரண்டு பிள்ளைகளுக்கும் வந்துகொண்டிருந்த காசு நின்றுவிட்டது. சல்லிக் காசு உழைக்காத நான் எதற்காகப் படிவம் கொடுக்க வேண்டும்?
*வாசகி, ஸ்காபரோ*

பிள்ளைகளுக்கான கொடுப்பனவு கணவரின் வருமானத்தைக் கொண்டோ உங்கள் வருமானத்தைக் கொண்டோ தனியாகக் கணக்கிடப்படுவதில்லை. இருவரின் நிகர வருமானத்தையும் கூட்டிவரும் குடும்ப வருமானமே அடிப்படை. உங்கள் படிவம் வராதவரை சி.ஆர்.ஏ.க்கு அந்தக் கூட்டுத்தொகை தெரியாது. பூச்சியம் என்பது உங்களுக்குத் தெரிந்த செய்தி, அவர்களுக்கு எழுத்தில் வராத செய்தி. கொடுப்பனவு ஆண்டு ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடிவதால், ஏப்ரலில் விட்ட பிழை ஜூலையில்தான் வங்கிக் கணக்கில் தெரிகிறது.

2024ஆம் ஆண்டுக்குரிய உங்கள் படிவத்தை உடனே கொடுங்கள், அதோடு 2025ஆம் ஆண்டுக்குரியதையும் கொடுத்துவிடுங்கள். பிந்திக் கொடுப்பதற்கான தண்டம் நீங்கள் கட்ட வேண்டிய வரியின் விகிதமாகவே அறவிடப்படுகிறது. வரி பூச்சியமானால் தண்டமும் பூச்சியம். படிவம் ஏற்றுக்கொள்ளப்பட்டதும் ஜூலையிலிருந்து நின்ற தொகையைச் சேர்த்து அனுப்புவார்கள். காசு கொடுத்துச் செய்விக்க வசதியில்லாதவர்களுக்கு, மார்ச், ஏப்ரல் மாதங்களில் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் தொண்டர்கள் இலவசமாகப் படிவம் நிரப்பித் தருகிறார்கள். உங்களுடையதைப் போன்ற எளிய கணக்குக்கு அதுவே போதும்.

நின்ற தொகை எவ்வளவு என்று தெரிந்தால் இந்தப் படிவத்தின் பெறுமதியும் தெரியும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான ஆண்டுக்கு, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை ஒருவருக்கு ஆகக்கூடிய தொகை 7,997 டொலர். ஆறு முதல் பதினேழு வயது வரையான பிள்ளைக்கு 6,748 டொலர். குடும்ப நிகர வருமானம் 37,487 டொலரைத் தாண்டும்போது இத்தொகை குறையத் தொடங்குகிறது, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் மேலதிகமான ஒவ்வொரு நூறு டொலருக்கும் பதின்மூன்றரை டொலர் வீதம். ஒரு பிள்ளைக்கு நான்கு வயது, மற்றதற்கு ஒன்பது வயது, கணவரின் நிகர வருமானம் 60,000 என்று வைத்துக்கொள்வோம். முழுத்தொகை 14,745, அதில் கழிவது ஏறக்குறைய 3,039, மிஞ்சுவது ஆண்டுக்கு 11,706, அதாவது மாதம் 975 டொலர். வருமானம் இல்லாத ஒருவர் கொடுக்கும் வெற்றுப் படிவத்துக்கு இதைவிட நல்ல கூலி எங்கும் கிடைக்காது.

இன்னொரு விடயம். கணவர் ஆர்.ஆர்.எஸ்.பி. என்னும் ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் 5,000 டொலர் போட்டு அதைப் படிவத்தில் கழித்தால், அவருடைய வரி குறைவது எல்லோருக்கும் தெரிகிறது. நிகர வருமானமும் அதே 5,000 குறைவதால், மேற்சொன்ன வீட்டில் பிள்ளைகளின் காசு அடுத்த ஜூலை முதல் ஆண்டுக்கு 675 டொலர் கூடும் என்பதை வங்கியில் யாரும் சொல்வதில்லை.

அம்மாவுக்கு 71 வயது. முதியோர் ஓய்வூதியத்தோடு சேர்ந்து வந்த மேலதிகக் காசு ஜூலையில் நின்றுவிட்டது. சி.ஆர்.ஏ.யை அழைத்தால் அது தங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள்.
*வாசகர், மிசிசாகா*

அவர்கள் சொன்னது சரி. முதியோர் ஓய்வூதியத்தையும், குறைந்த வருமானமுள்ளோருக்கு அதன்மேல் தரப்படும் உத்தரவாத வருமானத் துணைத்தொகையையும் கொடுப்பது சேர்விஸ் கனடா என்ற வேறோர் அரச அலுவலகம். ஆனால் துணைத்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க அவர்கள் பார்ப்பது சி.ஆர்.ஏ.யிடம் உள்ள வரிப் படிவத்தையே. அம்மாவின் படிவம் போயிருக்காது. கொடுத்துவிட்டுச் சேர்விஸ் கனடாவை அழையுங்கள். இலங்கையிலிருந்து அவருக்கு ஓய்வூதியம் வருமானால் அதையும் கனடிய டொலராக மாற்றிக் காட்ட வேண்டும். இங்கே வதிபவர் உலகில் எங்கு பெறும் வருமானத்தையும் காட்டக் கடமைப்பட்டவர்.

கணவரும் நானும் சென்ற செப்டெம்பரில் பிரிந்தோம். ஏழு வயது மகள் என்னோடு இருக்கிறாள். பிரிவைச் சி.ஆர்.ஏ.க்கு அறிவித்த பின், மகள் என்னோடுதான் வாழ்கிறாள் என்பதற்கும் நாங்கள் உண்மையாகவே பிரிந்திருக்கிறோம் என்பதற்கும் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. என்னைப் பொய்காரி என்கிறார்களா?
*வாசகி, மார்க்கம்*

அந்தப் பழுப்பு உறையைத் திறந்ததும் கை நடுங்கியிருக்கும். எத்தனையோ பேர் அதைத் திறக்காமலே சாமித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மாதக் கணக்கில் தவித்திருக்கிறார்கள். அது குற்றச்சாட்டு அன்று. குடும்ப நிலை மாறியவர்களின் கோப்புகளைச் சரிபார்ப்பது அவர்களின் வழக்கமான வேலை. கடிதத்தில் குறிப்பிட்ட நாளுக்குள் பதில் போகாவிட்டால்தான் ஆபத்து: கொடுப்பனவை நிறுத்துவதோடு, ஏற்கெனவே தந்ததையும் திருப்பிக் கேட்கலாம். நாள் போதாவிட்டால் கடிதத்திலுள்ள இலக்கத்தை அழைத்துக் கூடுதல் அவகாசம் கேளுங்கள்.

முதலில் விதியைச் சொல்கிறேன். பிரிவு என்பது, உறவு முறிந்து தொடர்ச்சியாக 90 நாட்கள் தனித்தனியே வாழ்ந்த பிறகே சி.ஆர்.ஏ.யின் கண்ணில் பிரிவாகும். அந்த 90 நாள் கடந்ததும், பிரிந்த முதல் நாளே பிரிவின் திகதியாகக் கொள்ளப்படும். அதற்கடுத்த மாதத்திலிருந்து உங்கள் கொடுப்பனவு உங்களுடைய வருமானத்தை மட்டும் வைத்துக் கணக்கிடப்படும்.

ஆதாரங்களில் ஆகப் பலமானது பாடசாலையின் கடிதம். பாடசாலைத் தலைப்பிட்ட தாளில், மகளின் முகவரி எது, அவசரத்துக்கு அழைக்கும் பெயர் யாருடையது என்பவை இருக்க வேண்டும். அடுத்தது குடும்ப வைத்தியரின் கடிதம். உங்கள் பெயரிலான வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுவரிச் சிட்டை, பிரிவு ஒப்பந்தமோ நீதிமன்ற உத்தரவோ இருந்தால் அதன் பிரதி ஆகியவற்றையும் சேருங்கள். உறவினர் எழுதிய கடிதத்தை நம்பியிருக்க வேண்டாம். எல்லாவற்றையும் கடிதத்திலுள்ள கோப்பு இலக்கத்தோடு இணையக் கணக்கின் வழியாக அனுப்பி, அனுப்பியதற்கான உறுதிப்பாட்டுத் தாளைச் சேமித்து வையுங்கள்.

இந்த இடத்தில் நம் வீடுகளில் நடக்கும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பிரிந்த செய்தி சனத்துக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, கணவரின் சாரதி அனுமதிப்பத்திரம், வங்கிக் கடிதம், கைத்தொலைபேசிச் சிட்டை எல்லாம் பழைய வீட்டு முகவரிக்கே வந்துகொண்டிருக்க விடுகிறோம். உறவினருக்காகப் போட்ட அந்தத் திரை சி.ஆர்.ஏ.யின் பார்வையில் சேர்ந்து வாழ்வதற்கான சான்றாகிவிடுகிறது. கணவர் இப்போது வசிக்கும் இடத்து வாடகை ஒப்பந்தத்தின் பிரதியும், முகவரி மாற்றிய அனுமதிப்பத்திரத்தின் பிரதியும் உங்கள் கையில் இருக்குமானால், உங்கள் பதில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது என்றே சொல்வேன். அவரிடம் பேச முடிகிற நிலையில் இருந்தால் இதை மட்டுமாவது கேட்டு வாங்குங்கள்.

மகள் வாரத்தில் சில நாட்கள் தகப்பனோடு இருக்கிறாளா என்பதையும் கவனியுங்கள். இருவரிடமும் ஏறத்தாழச் சமமாக, அதாவது ஒவ்வொருவரிடமும் குறைந்தது 40 வீத நேரம் இருந்தால், அது பகிர்ந்த பராமரிப்பு. அவரவர் வருமானப்படி கணக்கிட்ட தொகையின் பாதி ஒவ்வொருவருக்கும் போகும். மகளுக்காக அவர் தரும் பராமரிப்புப் பணம் இன்றைய விதிப்படி உங்கள் வருமானமாகக் கொள்ளப்படுவதில்லை. எல்லாம் அனுப்பியும் முடிவு பாதகமாக வந்தால், அந்த அறிவித்தலின் திகதியிலிருந்து 90 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபனை தெரிவிக்கலாம். அதைப் பார்ப்பது முதல் முடிவெடுத்த பிரிவு அன்று, மேன்முறையீட்டுப் பிரிவு.

கீழ்வீட்டை, அதாவது பேஸ்மென்டை, மாதம் 1,400 டொலருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். காசாகத்தான் வாங்குகிறோம். இதைப் படிவத்தில் காட்ட வேண்டுமா?
*வாசகர், ஏஜக்ஸ்*

காட்ட வேண்டும். காசாக வாங்கினால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணத்தில் உள்ள ஓட்டையைக் காட்டுகிறேன். உங்கள் குடியிருப்பாளர் ட்ரில்லியம் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கத் தன் வரிப் படிவத்தோடு ஒன்ராறியோவுக்குரிய ஒரு தாளை நிரப்புகிறார். அதிலுள்ள கட்டங்களில் இவையும் உண்டு: வசித்த முகவரி, ஆண்டில் கட்டிய வாடகை, வீட்டுக்காரரின் பெயர். உங்கள் முகவரியையும் 16,800 டொலரையும் உங்கள் பெயரையும் அவர் எழுதி, நீங்கள் படிவம் கொடுக்கும் அதே அலுவலகத்துக்கு அனுப்புகிறார். அவர் செய்வதில் தவறு எதுவும் இல்லை, அது அவருடைய உரிமை. சில வீட்டுக்காரர்கள் அதைச் செய்யக்கூடாது என்று வாடகைக்கு வருபவரிடம் கேட்டுக்கொள்வதும் எனக்குத் தெரியும். கையில் சொற்பக் காசோடு வந்த ஒரு குடும்பத்தின் கொடுப்பனவைத் தட்டிப் பறிப்பது அது.

உண்மையில் வரி அத்தனை பெரிதும் அன்று. மோர்ட்கேஜின் வட்டிப் பகுதி, வீட்டுவரி, காப்புறுதி, ஹைட்ரோ எனும் மின்சாரம், எரிவாயு ஆகியவற்றில் வாடகைப் பகுதிக்குரிய பங்கைக் கழிக்கலாம். முதலைத் திருப்பிக் கட்டும் பகுதியைக் கழிக்க முடியாது. இவை ஆண்டுக்கு 24,000 டொலர், கீழ்வீடு வீட்டின் மூன்றிலொரு பங்கு என்றால், 8,000 கழிந்து 8,800 மட்டுமே வருமானமாகிறது. வீடு இருவர் பெயரிலும் இருந்தால் அதுவும் உரிமையின்படி இருவருக்கும் பிரியும். கட்டடத்தின் தேய்மானத்தை மட்டும் கழிக்கப் போகாதீர்கள், பிற்காலத்தில் விற்கும்போது வதிவிடத்துக்குரிய வரிவிலக்கை அது சிக்கலாக்கலாம்.

கடந்த ஆண்டுகளில் காட்டாமல் விட்டிருந்தால், சி.ஆர்.ஏ. உங்களைத் தேடி வருமுன் நீங்களே முன்வந்து சொல்வதற்கென்று ஒரு திட்டம் இருக்கிறது. வாடகை சேர்ந்தால் குடும்ப வருமானம் கூடும், பிள்ளைகளின் காசு பின்னோக்கித் திருத்தப்படும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரந்தர வதிவிட உரிமையோடு ஒக்டோபரில் வந்து இறங்கினோம். முதல் வரிப் படிவம் கொடுக்கும்வரை பிள்ளைக்கான காசுக்குக் காத்திருக்க வேண்டுமா?
*வாசகி, பிரம்ப்டன்*

காத்திருக்கவே கூடாது. சமூகக் காப்புறுதி இலக்கம் கிடைத்த உடனேயே பிள்ளைகள் கொடுப்பனவுக்கான விண்ணப்பத்தை அனுப்பியிருக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் அதோடு, கனடாவுக்கு வருமுன் பெற்ற வருமானத்தைக் காட்டும் இணைப்புத் தாளையும் நிரப்ப வேண்டும். உங்களிடம் வரிப் படிவம் இல்லாத காலத்துக்கு அந்தத் தொகையைக் கொண்டுதான் கணக்குப் பார்க்கிறார்கள். கொழும்பில் வாங்கிய சம்பளத்தைக் கனடிய டொலராக மாற்றி எழுதுங்கள். இந்த விண்ணப்பமே ஜி.எஸ்.ரி. காசுக்கும் சேரும், பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு அதற்கென்று வேறொரு தாள். தாய், தந்தை இருவரும் ஒரே வீட்டில் இருந்தால் தாய் விண்ணப்பிப்பதே வழக்கம்.

யாழ்ப்பாணத்திலுள்ள அப்பா, அம்மாவுக்கு மாதம் 300 டொலர் அனுப்புகிறேன். ஊர்க் கோயில் திருப்பணிக்கும் 2,000 டொலர் கொடுத்தேன். இவற்றைக் கழிக்கலாமா?
*வாசகர், ஸ்காபரோ*

இரண்டையும் கழிக்க முடியாது. பராமரிப்பாளருக்கான வரிக்கழிவு, உடல் அல்லது மன இயலாமையுள்ள பெற்றோர் கனடாவில் வதிந்தால்தான். நன்கொடைக்கு, கனடாவில் பதிவுசெய்த தொண்டு நிறுவனத்தின் பதிவிலக்கம் பொறித்த வரிப் பற்றுச்சீட்டு வேண்டும். இங்குள்ள கோயில்களில் அப்படிப் பதிவானவை உண்டு, சி.ஆர்.ஏ.யின் இணையப் பட்டியலில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ஊர்க் கோயிலின் சிட்டையில் புண்ணியம் சேரும், வரிக்கழிவு சேராது. மனைவி இன்னும் ஊரில் இருந்து, அவரை நீங்கள்தான் பராமரிக்கிறீர்கள் என்றால், வாழ்க்கைத் துணைக்கான கழிவைக் கேட்க இடமுண்டு. காசு அனுப்பிய பற்றுச்சீட்டுகளை ஆறு வருடம் வைத்திருங்கள்.

எனக்கு 19 வயது முடிந்துவிட்டது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். கோடையில் மட்டும் வேலை செய்தேன். நானும் படிவம் கொடுக்க வேண்டுமா?
*வாசகர், வாட்டர்லூ*

தம்பி, படிவம் கொடுங்கள். 19 வயதிலிருந்து ஜி.எஸ்.ரி. காசு உங்கள் பெயருக்கு வரும், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் மாதங்களின் 5ஆம் திகதியையொட்டி. கோடைச் சம்பளத்தில் பிடித்த வரியில் பெரும்பகுதி திரும்பக்கூடும். கல்விக் கட்டணத்துக்கான கழிவை இப்போது பதிவுசெய்து வைத்தால் வேலைக்குப் போகும் காலத்தில் பயன்படும்.

சொந்தமாக வாகனம் ஓட்டி உழைக்கிறேன். ஏறக்குறைய 4,000 டொலர் வரி கட்ட வேண்டி வரும், கையில் இல்லை. காசு சேர்ந்த பிறகு படிவம் கொடுத்தால் என்ன?
*வாசகர், பிக்கரிங்*

தண்டம் காசு கட்டாததற்கு அன்று, படிவம் கொடுக்காததற்கு. சுயதொழில் செய்பவருக்குப் படிவம் கொடுக்க ஜூன் 15 வரை நேரம் உண்டு. ஆனால் வரிக் காசுக்குரிய கடைசி நாள் உங்களுக்கும் ஏப்ரல் 30தான், மே 1 முதல் வட்டி நாளுக்கு நாள் கூட்டு வட்டியாக ஏறும். ஜூன் 15ஐயும் தவறவிட்டால், கட்ட வேண்டிய தொகையில் 5 வீதமும், பிந்தும் ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 1 வீதமும், ஆகக்கூடியது 12 மாதம் வரை, தண்டமாகச் சேரும். மூன்று மாதம் பிந்தினால் 4,000க்கு 320 டொலர், வட்டி வேறு. ஆகவே படிவத்தை நேரத்துக்குக் கொடுத்துவிட்டு, தவணை முறையில் கட்ட இணக்கம் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அதுவரை உங்களுக்கு வரவேண்டிய வரித் திருப்பத்தையும் ஜி.எஸ்.ரி. காசையும் அவர்கள் கடனுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதை மறக்க வேண்டாம்.

சி.ஆர்.ஏ. என்று சொல்லி ஒருவர் அழைத்து, உடனே பணம் கட்டாவிட்டால் பொலிஸ் வரும் என்று மிரட்டினார்.
*வாசகி, ஒட்டாவா*

கள்ளர். சி.ஆர்.ஏ. பரிசு அட்டையிலோ கிரிப்டோவிலோ காசு கேட்பதில்லை. கைது செய்வோம், நாடு கடத்துவோம் என்று தொலைபேசியில் மிரட்டுவதும் இல்லை. வைத்துவிட்டு, உங்கள் இணையக் கணக்கில் நிலுவை உண்டா என்று நீங்களே பாருங்கள்.

எல்லோரையும்விடக் கூடுதலாகக் காசு எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் படிவம் செய்வித்தேன். நான் கொடுக்காத 3,500 டொலர் நன்கொடையை அவர் சேர்த்திருப்பதை இப்போதுதான் கண்டேன். பிழை அவருடையது அல்லவா?
*வாசகர், ஸ்காபரோ*

அவருடையதும்தான். ஆனால் படிவம் உங்களுடையது. மின்வழியில் அனுப்புமுன் நீங்கள் கையொப்பமிட்ட ஒரு தாள் இருக்கும். இதிலுள்ள விவரங்கள் சரி, முழுமையானவை என்று அதில் உறுதிகூறியது நீங்கள். பொய்யென்று தெரிந்தே விட்டதாகக் கண்டால், குறைத்துக் காட்டிய வரியைத் திருப்பிக் கட்டுவதோடு அதன் 50 வீதம் தண்டமாகவும் வரலாம். மறுமதிப்பீட்டுக்குரிய வழக்கமான மூன்று வருட எல்லையும் அத்தகைய கோப்புக்குப் பொருந்தாது.

சி.ஆர்.ஏ. கேட்குமுன் நீங்களே திருத்துங்கள். இணையக் கணக்கில் படிவத்தை மாற்றும் வசதி உண்டு. நன்கொடைக் கட்டத்தைத் திருத்தி அனுப்பினால் புதிய மதிப்பீட்டு அறிவித்தல் வரும், அதிலுள்ள தொகையையும் வட்டியையும் கட்டிவிடுங்கள். இனிமேல் கையொப்பமிடுமுன் முழுப் படிவத்தையும் அச்சிட்டுத் தரும்படி கேளுங்கள். 23600 என்ற இலக்கமிட்ட வரிசையில் உள்ளது உங்கள் நிகர வருமானம், பிள்ளைகளின் காசுக்கும் ஜி.எஸ்.ரி. காசுக்கும் கணக்குப் பார்ப்பது அந்தத் தொகையையும் துணைவருடையதையும் கூட்டித்தான். அந்த வரிசைக்கு மேலுள்ள கழிவுகளையும் பின்னால் வரும் நன்கொடை, மருத்துவச் செலவுக் கட்டங்களையும் உங்கள் கையிலுள்ள பற்றுச்சீட்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை. அச்சிட்டுத் தர மறுக்கிறவரிடம் வேலைத்தலம் தந்த சம்பள விவரமான உங்கள் ரி4 தாளைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போங்கள்.